பிபிபிஓஇ ஃபைபர், டெபியன் ரவுட்டர்: மாஸ்கரேட் விதி மட்டும் இருக்கிறது, மீதி ஃபயர்வாலை எப்படி எழுதுவது?

முனை22

வணக்கம் நண்பர்களே. இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள மினி பிசியில் டெபியன் 12 போட்டு வீட்டு ரவுட்டராக வைத்திருக்கிறேன். ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) பிரிட்ஜ் முறையில் இருக்கிறது, பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தில் உள்நுழையும் முறை) டயல் செய்வது மினி பிசிதான். அமைப்பு இது:

வெளிப்பக்கம் பிபிபி0. ஐபிவி4-இல் ஒரு முகவரி, ஐபிவி6-இல் /56 முன்னொட்டு.
உள்பக்கம் லேன்0, 192.168.10.0/24. கணினி, போன், டிவி எல்லாம் இதில்.
கேமராவுக்கு விலேன் (அதே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்) 20, இன்டர்ஃபேஸ் பெயர் லேன்0.20, 192.168.20.0/24. நான்கு கேமராவும் ஒரு என்விஆரும் (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி, 192.168.20.5). நடுவில் மேனேஜ்டு ஸ்விட்ச்.
டிஹெச்சிபி, டிஎன்எஸ், ஐபிவி6 ரவுட்டர் அறிவிப்பு மூன்றும் டிஎன்எஸ்மாஸ்க். நேரத்துக்கு குரோனி.

ஃபார்வர்டிங் ஆன் செய்து, என்எஃப்டேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால்) போஸ்ட்ரவுட்டிங் மாஸ்கரேட் விதி ஒன்று மட்டும் போட்டிருக்கிறேன். கேள்விகள்:

1. உள்ளே இருப்பவை நாட் (என்ஏடி, முகவரி மாற்றம்) அமைப்புக்குப் பின்னால்தானே இருக்கின்றன, இது போதாதா?
2. பிங் போகிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் சில வங்கித் தளங்களும் ஆப்களும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. காரணம் என்ன?
3. கேமராக்கள் இணையத்துக்கும் போகக் கூடாது, என் கணினிகளையும் தொடக் கூடாது. ஆனால் கணினியிலிருந்து என்விஆரைப் பார்க்க வேண்டும்.
4. வெளியூரில் இருக்கும்போது என்விஆரைப் பார்க்க 8443-ஐ உள்ளே 443-க்குத் திருப்பினேன். வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை.

விதிகளை அப்படியே ஒட்ட வேண்டாம். எந்த வரிசையில் எது, ஏன் என்று தமிழில் சொன்னால் போதும், தட்டச்சு செய்துகொள்கிறேன்.

---

பொதிவழி

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. மாஸ்கரேட் முகவரியை மாற்றுகிறது, அவ்வளவுதான். எந்தப் பாக்கெட்டையும் அது தடுப்பதில்லை. 192.168 முகவரிக்கு இணையத்திலிருந்து வழி கிடையாது என்பதால் ஐபிவி4-இல் பாதுகாப்பு இருப்பது போலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றமும் உள்ளே இருக்கும் கருவிகளுக்குத்தான். ரவுட்டரிலேயே ஓடும் எஸ்எஸ்ஹெச் இப்போது பிபிபி0 பக்கமாகவும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஐபிவி6-இல் நிலைமை இன்னும் மோசம். /56 முன்னொட்டிலிருந்து உங்கள் டிவி, பிரிண்டர், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் உலக முகவரி கிடைத்திருக்கும். ஃபார்வர்டிங் ஆனில் இருக்கிறது, தடுக்கும் செயின் (விதிகளின் வரிசை) இல்லை. அதனால் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அந்த முகவரிக்கு நேராகப் பேசலாம். முகவரி வெளி மிகப் பெரியது, யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்தின் சர்வருக்கும் உங்கள் முகவரி தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் சரி, ஐபிவி6-க்கான ஃபார்வர்டு செயினை இன்றே போடுங்கள்.

எழுதும் முறைக்கு வருகிறேன். ‘இனெட்’ வகையில் ஒரே ஒரு டேபிள் வைத்துக்கொள்ளுங்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் அதில் அடங்கும், ஒன்றில் மூடியதை இன்னொன்றில் மறந்துவிடும் ஆபத்து இல்லை. அதற்குள் இன்புட், ஃபார்வர்டு என்று இரண்டு செயின்; இரண்டுக்கும் பாலிசி டிராப், அதாவது எந்த விதியிலும் பொருந்தாத பாக்கெட்டை வீசிவிடுவது. பாலிசி எழுதாமல் விட்டால் இயல்பு அக்செப்ட் என்பதை நினைவில் வையுங்கள். அவுட்புட் செயின் வீட்டு ரவுட்டருக்குத் தேவையில்லை.

இன்புட் என்பது ரவுட்டருக்கே வரும் பாக்கெட். ஃபார்வர்டு என்பது ரவுட்டரைக் கடந்து போகும் பாக்கெட். ஒரு பாக்கெட் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. கேமராவிலிருந்து 192.168.10.0/24-க்கு ஃபார்வர்டில் தடை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் 192.168.10.1 என்பது ரவுட்டரின் சொந்த முகவரி. கேமரா விலேனிலிருந்து அந்த முகவரிக்கு வந்தாலும் லினக்ஸ் அதைத் தனக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்ளும், பாக்கெட் இன்புட்டுக்குத்தான் போகும். ஃபார்வர்டில் போட்ட தடை அதைப் பார்க்கவே பார்க்காது.

இன்புட் செயினில் வரிசை இப்படி:

முதல் விதி, சிடி ஸ்டேட் (கர்னலின் இணைப்புக் கண்காணிப்பான கான்ட்ராக் சொல்லும் நிலை) எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் என்றால் அக்செப்ட். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பின் பாக்கெட்டுகள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவை முதல் வரியிலேயே கடந்துவிட வேண்டும். இரண்டாவது, இன்வேலிட் என்றால் டிராப். இணையத்தில் சுற்றும் பழைய ஸ்கிரிப்டுகளில் விநோதமான டிசிபி கொடிகளைத் தடுக்க இருபது வரி இருக்கும். அவற்றில் பெரும்பகுதியை இந்த ஒரு வரி பார்த்துக்கொள்ளும், மீதியை பாலிசி டிராப் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, லூப்பேக் இன்டர்ஃபேஸ் அக்செப்ட்.

நான்காவது ஐசிஎம்பி. இங்கே கை வைப்பவர்கள்தான் ஐபிவி6 சரியில்லை என்று புலம்புவார்கள். ஐபிவி4-இல் ஏஆர்பி செய்யும் வேலையை ஐபிவி6-இல் ஐசிஎம்பிவி6 செய்கிறது. ரவுட்டர் சொலிசிட்டேஷன் 133, ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் 134, நெய்பர் சொலிசிட்டேஷன் 135, நெய்பர் அட்வர்டைஸ்மென்ட் 136 ஆகிய நான்கையும் வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். கான்ட்ராக் இவற்றைப் பின்தொடர்வதில்லை, ஆகவே எஸ்டாப்ளிஷ்ட் விதி இவற்றுக்கு உதவாது. 135-ஐ அடைத்தால் சற்று நேரம் எல்லாம் ஓடுவது போலிருக்கும். அண்டை முகவரிப் பதிவு காலாவதியானதும் இணைப்பு அறும். 133-ஐ அடைத்தால் புதிதாக வைஃபையில் சேரும் போனுக்கு ஐபிவி6 தாமதமாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் அடுத்த தானியங்கி அறிவிப்பு வரும்வரை அது காத்திருக்க வேண்டும். எக்கோ ரிக்வெஸ்டை இரண்டு பதிப்பிலும் நொடிக்கு 10 என்ற வரம்போடு விடுங்கள். பிங்கை மூடுவதால் நீங்கள் மறைந்துபோவதில்லை, பழுது பார்ப்பதுதான் கடினமாகும்.

ஐந்தாவது, பிபிபி0 வழியாக எஃப்இ80::/10 முகவரியிலிருந்து யுடிபி 546-க்கு வருவதை அக்செப்ட். /56 முன்னொட்டு உங்களுக்கு வந்து சேரும் வழி இதுதான். கோரிக்கை மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது, பதில் வேறொரு முகவரியிலிருந்து வருகிறது. அதனால் கான்ட்ராக் இரண்டையும் சேர்த்துப் பார்க்காது. இந்த விதி இல்லாவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு ஐபிவி6 வராமல் போகும், காரணமும் எளிதில் பிடிபடாது.

ஆறாவது, லேன்0-இலிருந்து டிசிபி 22 (எஸ்எஸ்ஹெச்), டிசிபி யுடிபி இரண்டிலும் 53 (டிஎன்எஸ்), யுடிபி 67 (டிஹெச்சிபி), யுடிபி 123 (நேரம்). டிஹெச்சிபிவி6 முகவரியும் கொடுப்பதாக இருந்தால் யுடிபி 547. ஏழாவது, லேன்0.20-இலிருந்து யுடிபி 67, 123 மட்டும். கேமராக்களின் நேர சர்வராக 192.168.20.1-ஐக் கொடுத்துவிட்டால் இணையம் இல்லாமலே பதிவில் நேரம் சரியாக நிற்கும். இணையத்துக்குப் போகாத கேமராவுக்கு 53 எதற்கு? திறந்தால் டிஎன்எஸ் கேள்விக்குள் தகவலை வைத்து வெளியே அனுப்பவும் வழி கிடைக்கும். மூடியே வையுங்கள்.

கடைசியில் ஒரு லாக் விதி, நிமிடத்துக்கு 5 என்ற வரம்போடு. வரம்பில்லாமல் போட்டால் இணையத்திலிருந்து ஓயாமல் வரும் ஸ்கேன்களே டிஸ்க்கை நிரப்பிவிடும்.

ஃபார்வர்டு இதைவிடச் சிறியது. எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் அக்செப்ட், இன்வேலிட் டிராப், லேன்0-இலிருந்து பிபிபி0-க்கு அக்செப்ட், லேன்0-இலிருந்து லேன்0.20-க்கு அக்செப்ட். முடிந்தது. கேமராவிலிருந்து எங்கும் போக விதி எழுதவில்லை, ஆகவே எங்கும் போகாது. கணினியிலிருந்து என்விஆரைத் திறந்தால் பதில் பாக்கெட் எஸ்டாப்ளிஷ்டில் திரும்பி வந்துவிடும். பேக்கெட் டூ பிக் போன்ற பிழைச் செய்திகள் ரிலேட்டட் என்ற நிலையில் வரும், அவற்றுக்கும் தனி விதி வேண்டாம்.

கேமராவும் என்விஆரும் ஒரே சப்நெட். அவற்றுக்கிடையே போவது ஸ்விட்ச்சோடு முடிந்துவிடும், ரவுட்டர் அதைப் பார்ப்பதில்லை. கேமராவைக் கேமராவிடமிருந்து பிரிக்க வேண்டுமென்றால் ஸ்விட்ச்சின் போர்ட் ஐசொலேஷனைப் பயன்படுத்துங்கள்.

---

நூலிழை

பொதிவழி அண்ணா சொன்னதோடு மூன்று விஷயம் சேர்க்கிறேன். முதல் இரண்டும் ரீபூட் செய்தபிறகுதான் பல்லைக் காட்டும்.

ஒன்று, இன்டர்ஃபேஸைச் சொல்ல ‘ஐஐஎஃப்’, ‘ஐஐஎஃப்நேம்’ என்று இரண்டு சொல் உண்டு. ‘ஐஐஎஃப்’ விதியை ஏற்றும்போதே இன்டர்ஃபேஸின் எண்ணைத் தேடிப் பதிந்துகொள்கிறது. ‘ஐஐஎஃப்நேம்’ ஒவ்வொரு பாக்கெட்டிலும் பெயரை ஒப்பிடுகிறது. டெபியனில் என்எஃப்டேபிள்ஸ் சேவை நெட்வொர்க் எழும் முன்பே ஓடும். அந்த நேரத்தில் பிபிபி0 என்று ஒன்று இல்லை. ‘ஐஐஎஃப்’ எழுதியிருந்தால் அந்த வரி பிழையாகும். என்எஃப்டேபிள்ஸ் கோப்பை முழுதாக ஏற்கும் அல்லது முழுதாக நிராகரிக்கும் என்பதால், அந்த ஒரு வரியால் மொத்தக் கோப்பும் ஏறாது. ரவுட்டர் ஃபயர்வால் இல்லாமலே இணையத்தில் நிற்கும், நாட் விதியும் இருக்காது. லைன் அறுந்து மறுபடி டயல் ஆனாலும் பிபிபி0-க்குப் புதிய எண் வரும், பழைய எண்ணைப் பிடித்திருக்கும் விதி செத்துவிடும். எனவே பிபிபி0, லேன்0.20 இரண்டுக்கும் ‘ஐஐஎஃப்நேம்’, ‘ஓஐஎஃப்நேம்’ மட்டுமே. லூப்பேக் எப்போதும் இருப்பது, அதற்கு ‘ஐஐஎஃப்’ தாராளமாக எழுதலாம்.

இதே காரணத்துக்காக, பிபிபி டயல் செய்யும் சிஸ்டம்டி யூனிட்டுக்கு என்எஃப்டேபிள்ஸ் சேவையை ரிக்வயர்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் சேர்த்துவிடுங்கள். விதி ஏறாவிட்டால் லைனும் எழாது. பூட்டு இல்லாமல் கதவைத் திறந்து வைப்பதைவிட கதவு மூடியே இருப்பது மேல். அதன்பின் விதியை மாற்றும்போது ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள், ரீலோட் கொடுங்கள். ரீஸ்டார்ட் லைனையும் சேர்த்து இறக்கி ஏற்றும். ஸ்டாப் கொடுத்தால் விதிகள் எல்லாமே அழிந்துவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டு, டெபியனில் என்எஃப்டேபிள்ஸ் சேவை இயல்பாக எனேபிள் ஆகியிருக்காது. கையால் ஏற்றிய விதி ரீபூட்டில் போய்விடும். இடிசி கோப்புறையில் உள்ள என்எஃப்டேபிள்ஸ் கான்ஃப் கோப்பில் எழுதி, சேவையை எனேபிள் செய்ய வேண்டும். கோப்பின் முதல் விதியாக ‘ஃப்ளஷ் ரூல்செட்’ இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீலோடுக்கும் அதே விதிகள் இரட்டிப்பாகச் சேரும்.

மூன்று, மாஸ்கரேட் விதியை இனெட் டேபிளுக்குள் வைப்பதாக இருந்தால் ‘மெட்டா என்எஃப்புரோட்டோ ஐபிவி4’ என்ற நிபந்தனையைக் கூடவே எழுதுங்கள். ‘ஓஐஎஃப்நேம் பிபிபி0 மாஸ்கரேட்’ என்று மட்டும் விட்டால் ஐபிவி6 பாக்கெட்டுகளும் ரவுட்டரின் முகவரிக்கு மாறிப் போகும். தளங்கள் திறக்கும், அதனால் கவனிக்க மாட்டீர்கள். /56 வாங்கியதற்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

எஸ்என்ஏடிக்குப் (குறிப்பிட்ட ஒரே முகவரிக்கு மாற்றும் விதி) பதிலாக மாஸ்கரேட்டை வைத்திருப்பது உங்கள் அமைப்புக்குச் சரிதான். லைன் விழும்போது அந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் போன பழைய இணைப்புப் பதிவுகளை அது துடைத்துவிடும். மறு டயலில் முகவரி மாறும் பிபிபிஓஇக்கு அதுதான் வேண்டும்.

---

கடல்வழி

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன், இதை யாரும் தொடவில்லை. வங்கித் தளம் சுற்றிக்கொண்டே நிற்பது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பிரச்சினை.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகும். பிபிபிஓஇ தலைப்பு 8 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. உங்கள் கணினிக்கு இது தெரியாது. லேன் 1500 என்பதால் ‘எனக்கு 1460 பைட் துண்டுகளாக அனுப்பு’ என்று எம்எஸ்எஸ் சொல்லி இணைப்பைத் தொடங்குகிறது. சர்வர் 1500 பைட் பாக்கெட் அனுப்புகிறது. அது ஃபைபர் நிறுவனத்தின் பக்கத்து முனையில் பிபிபிஓஇக்குள் நுழைய முடியாமல் விழுகிறது. விழுந்ததைச் சொல்லும் ஐசிஎம்பி செய்தி (ஐபிவி4-இல் டைப் 3, கோடு 4) சர்வரைச் சேர்ந்தால் அது அளவைக் குறைத்துக்கொள்ளும். பல நிறுவனங்கள் தங்கள் சர்வருக்கு முன்னால் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்து வைத்திருப்பதால் செய்தி சேர்வதில்லை. சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். டிஎல்எஸ் சான்றிதழ் வரும் கட்டத்தில்தான் முதல் பெரிய பாக்கெட் வரும், அதனால்தான் இணைப்பு கிடைத்தபிறகு சுற்றுகிறது. பிங் சிறிய பாக்கெட், ஆகவே போகிறது. யூடியூப் பெரும்பாலும் குவிக் வழியாக யுடிபியில் ஓடுகிறது. குவிக் 1200 பைட்டில் தொடங்கி, பாதை தாங்குகிறதா என்று பார்த்துத்தான் அளவைக் கூட்டும்.

மருந்து, எம்எஸ்எஸ் கிளாம்ப். விதி: ‘டிசிபி ஃப்ளாக்ஸ் சின், டிசிபி ஆப்ஷன் மேக்ஸ்செக் சைஸ் செட் ஆர்டி எம்டியூ’. ரவுட்டரைக் கடக்கும் சின் பாக்கெட்டில் எம்எஸ்எஸ் எண்ணைப் பாதைக்கு ஏற்றபடி இது குறைத்து எழுதும். ஐபிவி4-க்கு 1452 வரும், ஐபிவி6-க்கு 1432. எண்ணைக் கையால் எழுதாமல் ‘ஆர்டி எம்டியூ’ என்று விட்டால் இரண்டுக்கும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

இதை ஃபார்வர்டு செயினில் எஸ்டாப்ளிஷ்ட் விதிக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் பாதிதான் வேலை செய்யும். உங்கள் கணினி அனுப்பும் சின் ‘நியூ’ நிலையில் இருப்பதால் விதியை எட்டும். சர்வரின் சின்-ஆக் பதில் அதற்குள் எஸ்டாப்ளிஷ்ட் ஆகி, முதல் வரியிலேயே அக்செப்ட் வாங்கிப் போய்விடும். அப்போது கீழிறக்கம் சரியாக இருக்கும், பெரிய கோப்பை மேலேற்றும்போது மட்டும் திணறலாம். இந்த அறிகுறியைக் கண்டவர்கள் லைன் சரியில்லை என்று தேவையில்லாமல் புகார் கொடுப்பார்கள்.

சோதிக்க: துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1464 பைட் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 1492 ஆகும், அது போக வேண்டும். 1465 போகக் கூடாது. 1464-ம் போகவில்லை என்றால் பாதையில் வேறெங்கோ இன்னும் குறுகலாக இருக்கிறது. பிபிபி0-இன் எம்டியூ எண்ணையே குறையுங்கள், கிளாம்ப் தானாக அதைப் பின்பற்றும்.

---

முனை22

மிக்க நன்றி. எல்லா விதியும் ஏறிவிட்டது, ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கிறது. வங்கித் தளங்கள் உடனே திறக்கின்றன. கேமராவிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை.

மிச்சம் நான்காம் கேள்வி. பிபிபி0-க்கு வரும் ஐபிவி4 முகவரி 100.72 என்று தொடங்குகிறது. டிஎன்ஏடி (போர்ட்டை உள்ளே திருப்பும்) விதியின் கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே இருக்கிறது. இதே பெட்டியில் டாக்கரும் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) போட நினைக்கிறேன், அதனால் விதிகளுக்கு ஏதாவது ஆகுமா?

---

பொதிவழி

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள முகவரிகள் இணைய நிறுவனங்களின் பெரிய நாட் அமைப்புக்காக (சிஜிநாட்) 2012-இல் ஒதுக்கப்பட்டவை. உங்களுடையது அதற்குள் இருக்கிறது. அதாவது உங்கள் நாட் அமைப்புக்கு வெளியே நிறுவனத்தின் நாட் ஒன்று இருக்கிறது, வெளியிலிருந்து வரும் பாக்கெட் அங்கேயே நின்றுவிடுகிறது. கவுன்ட்டர் பூஜ்யமாக இருப்பதே அதற்குச் சாட்சி. விதியில் குறையில்லை, எத்தனை முறை திருத்தினாலும் ஐபிவி4-இல் இது வராது. நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி கட்டணம் கட்டி வாங்கலாம்.

வாங்கினாலும் என்விஆரின் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பெட்டிகளின் ஃபர்ம்வேர் அப்டேட் வருவதே அரிது, உள்ளே இருப்பது உங்கள் வீட்டுக் காட்சி. வயர்கார்டு என்ற விபிஎன் போடுங்கள். கர்னல் 5.6-இலிருந்து அது உள்ளேயே இருக்கிறது, டெபியன் 12-இல் இருப்பது 6.1. இன்புட்டில் பிபிபி0 வழியாக யுடிபி 51820 அக்செப்ட் என்று ஒரு விதி போதும். சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, அதனால் ஸ்கேன் செய்பவருக்கு அப்படி ஒரு போர்ட் இருப்பதே தெரியாது.

ஐபிவி4 அடைபட்டிருந்தாலும் ஐபிவி6-இல் உங்கள் ரவுட்டருக்கு நேரடி முகவரி இருக்கிறது. போனின் மொபைல் டேட்டாவில் ஐபிவி6 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வயர்கார்டின் எண்ட்பாயின்ட்டாக ஐபிவி6 முகவரியைக் கொடுத்தால் வேலை முடிந்தது. முகவரி மாறக்கூடியது என்றால் டைனமிக் டிஎன்எஸ்ஸில் ஏஏஏஏ பதிவு வைத்துக்கொள்ளுங்கள். வயர்கார்டின் இன்டர்ஃபேஸான டபிள்யூஜி0-க்கு எம்டியூ 1412 வையுங்கள்: 1492-இல் 80 கழித்தது.

ஃபார்வர்டில் டபிள்யூஜி0-இலிருந்து 192.168.20.5-இன் டிசிபி 443-க்கு மட்டும் அக்செப்ட். போன் தொலைந்தாலும் அதன் சாவியால் என்விஆரைத் தாண்டி எங்கும் போக முடியாது. இன்புட்டில் டபிள்யூஜி0-க்கு எதுவும் திறக்க வேண்டாம்.

பிற்காலத்தில் எதற்காவது டிஎன்ஏடி எழுதினால் ஒன்று: முகவரி மாற்றம் ப்ரீரவுட்டிங்கிலேயே நடந்துவிடும். ஃபார்வர்டு செயின் பார்ப்பது மாறிய முகவரியையும் மாறிய போர்ட்டையும்தான். வெளியே 8443, உள்ளே 443 என்றால் ஃபார்வர்டில் 443 என்றுதான் எழுத வேண்டும். ‘சிடி ஸ்டேட்டஸ் டிஎன்ஏடி அக்செப்ட்’ என்று ஒரே வரியில் முடிப்பது இன்னும் சுலபம். நாட் செயின் ஒவ்வொரு இணைப்பின் முதல் பாக்கெட்டை மட்டுமே பார்க்கும் என்பதால், விதியை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு பழையபடியே போகும். கான்ட்ராக் கட்டளையால் அந்தப் பதிவை அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

---

நூலிழை

டாக்கர் பற்றி: ரவுட்டரில் போடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. போட்டே ஆக வேண்டும் என்றால் காரணங்களோடு தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்கர் தனக்கான டேபிள்களைத் தானே எழுதிக்கொள்ளும். உங்கள் கோப்பின் ‘ஃப்ளஷ் ரூல்செட்’ அவற்றையும் சேர்த்து அழிக்கும், கன்டெய்னர்களின் நெட்வொர்க் அறுந்துவிடும். ஆகவே மொத்த ஃப்ளஷ்ஷுக்குப் பதிலாக, உங்கள் டேபிளை மட்டும் பெயர் சொல்லி வெறுமையாக அறிவித்து, அடுத்த வரியில் டிலீட் செய்து, அதற்குக் கீழே முழுதாக எழுதுங்கள். முதலில் அறிவிப்பது எதற்கென்றால், இல்லாத டேபிளை டிலீட் செய்தால் பிழை வரும். ‘ஃப்ளஷ் டேபிள்’ விதிகளை மட்டும்தான் அழிக்கும், செயினின் பாலிசியை மாற்றியிருந்தால் அது குழப்பும்.

அடுத்தது, ஃபார்வர்டிங்கை டாக்கரே ஆன் செய்ய நேர்ந்தால் அது ஃபார்வர்டுக்கு டிராப் பாலிசி வைக்கும். உங்கள் டேபிளில் அக்செப்ட் ஆன பாக்கெட் அதோடு தப்பிவிடுவதில்லை. அதே ஹூக்கில் (பாக்கெட் கடக்கும் அதே கட்டத்தில்) வேறு டேபிளின் செயின் இருந்தால் அதையும் கடந்தாக வேண்டும். அக்செப்ட் என்றால் ‘இந்தச் செயினைப் பொறுத்தவரை சரி’ என்பதுதான். டிராப் மட்டுமே இறுதி. டாக்கர் போட்டதும் வீட்டில் இணையமே நின்றுபோகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்போது டாக்கர்-யூசர் என்ற செயினில் லேன்0-இலிருந்து பிபிபி0-க்கும், திரும்பி வருவதற்கும் அக்செப்ட் எழுத வேண்டியிருக்கும்.

கன்டெய்னரின் போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால் அது டிஎன்ஏடி ஆகி ஃபார்வர்டுக்குப் போகும். இன்புட்டில் அந்தப் போர்ட்டை மூடியிருப்பதால் பயனில்லை. மேலே அண்ணா சொன்ன ‘சிடி ஸ்டேட்டஸ் டிஎன்ஏடி’ விதியும் உங்களிடம் இருந்தால் அந்தப் போர்ட் வெளியே திறந்துவிடும். டாக்கர் போடுவதென்றால் அந்த விதியில் 192.168.20.5 போன்ற இலக்கு முகவரியையும் சேர்த்து இறுக்குங்கள்.

---

கடல்வழி

சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

விதியை ஏற்றும் முன் ‘என்எஃப்டி’ கட்டளையின் சி கொடியால் கோப்பைச் சரிபாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே தெரியும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்கிறீர்கள் என்றால், முதலில் இப்போதைய விதிகளை ஒரு கோப்பில் எடுத்து வைத்து, 120 நொடிக்குப் பிறகு அந்தக் கோப்பை மறுபடி ஏற்றும்படி சிஸ்டம்டி ரன் கட்டளையில் ஒரு டைமர் போட்டுவிடுங்கள். அதன்பின் புதியதை ஏற்றி, வேறொரு டெர்மினலில் புதிதாக ஒரு எஸ்எஸ்ஹெச் இணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் எஸ்டாப்ளிஷ்ட் விதியால் ஓடும், அதை நம்பக் கூடாது. கிடைத்தால் டைமரை நிறுத்துங்கள். லிஸ்ட் செய்து எடுத்த கோப்பில் ‘ஃப்ளஷ் ரூல்செட்’ இருக்காது, முதல் வரியாகக் கையால் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பழைய விதிகள் புதியவற்றுக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும், பூட்டிக்கொண்டது பூட்டியபடியே இருக்கும்.

வெளியிலிருந்து சோதிப்பது என்றால் உண்மையிலேயே வெளியிலிருந்து. லேனில் இருந்துகொண்டு ரவுட்டரின் வெளி முகவரிக்கு என்மேப் ஓட்டினால் பாக்கெட் லேன்0 வழியாகத்தான் நுழைகிறது, லேன் விதிகளைத்தான் சோதிக்கிறீர்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இருந்து ஓட்டுங்கள். சிஜிநாட் இருப்பதால் ஐபிவி4 ஸ்கேன் உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. ஐபிவி6-ஐ ஓட்டுங்கள்: ரவுட்டரின் முகவரிக்கு ஒருமுறை, மடிக்கணினியின் உலக முகவரிக்கு ஒருமுறை. இரண்டாவதுதான் முக்கியம். மடிக்கணினியில் தற்காலிகமாக ஒரு சிறு வெப் சர்வரை 8000-இல் ஓடவிட்டு, லேனில் இருந்து திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். யுடிபி ஸ்கேனில் ‘ஓபன் அல்லது ஃபில்டர்டு’ என்று வந்தால் பதில் வரவில்லை என்று பொருள். திறந்திருக்கிறது என்று பதற வேண்டாம்.

பாக்கெட் எங்கே விழுகிறது என்று தெரியாவிட்டால் டிசிபிடம்ப் பாதி உதவிதான் செய்யும். உள்ளே வரும் பாக்கெட்டை அது ஃபயர்வாலுக்கு முன்னாலேயே காட்டிவிடும், ஆகவே அதில் தெரிவது கடந்துவிட்டதற்கு ஆதாரம் ஆகாது. ப்ரீரவுட்டிங்கில் முன்னுரிமை -350 உள்ள ஒரு செயின் திறந்து, நீங்கள் தேடும் மூல முகவரிக்கு மட்டும் ‘மெட்டா என்எஃப்ட்ரேஸ் செட் 1’ எழுதி, ‘என்எஃப்டி மானிட்டர் ட்ரேஸ்’ ஓட்டுங்கள். அந்தப் பாக்கெட் தொட்ட ஒவ்வொரு விதியும், கடைசியில் எந்தச் செயினின் பாலிசியில் விழுந்தது என்பதும் வரிசையாக வரும். பார்த்து முடித்ததும் அந்தச் செயினை அழித்துவிடுங்கள், முகவரி நிபந்தனை இல்லாமல் விட்டால் பெட்டி அதிலேயே மூச்சுத் திணறும்.

---

முனை22

மொபைல் டேட்டாவிலிருந்து ஐபிவி6-இல் இரண்டு முகவரிக்கும் ஓட்டிப் பார்த்தேன். வயர்கார்டுக்கு முன் எதுவும் திறந்திருக்கவில்லை. 8000 லேனில் மட்டும் திறக்கிறது. வயர்கார்டு ஐபிவி6 வழியாகவே இணைந்துவிட்டது, என்விஆர் காட்சி வருகிறது. டாக்கரை வேறொரு பழைய கணினியில் போட்டுக்கொள்கிறேன்.